ஒற்றைக் கையால் கட்ட முடியாதது

"கையை ஆட்டாதேடா, முடிச்சு விழ மாட்டேங்குது."

"மெதுவா கட்டுக்கா, கிழிஞ்சிடும். அப்பாவோடது அது."

"எனக்கும் அவர்தான்டா அப்பா. போன மாசம் மேடையேறி என்னைத் தேசத்துரோகின்னியே, அப்போ ஞாபகம் வரலையா?"

"நீ மட்டும் என்னை பாசிஸ்ட்டுன்னு ஊரெல்லாம் சொல்லலையா?"

அக்கா கிராஷினா துணியின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்தாள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைக்கு எதிராக வார்சா நகரம் கிளர்ந்தெழுந்தபோது, பதினாறு வயது அப்பா கையில் கட்டியிருந்த வெள்ளை சிவப்புத் துணிப்பட்டை அது. அதை ஒற்றைக் கையால் முடிச்சிட முடியாது. அதனால்தான், இருவருக்கும் பேச்சு நின்றுபோன பிறகும், ஆண்டுதோறும் எழுச்சி தொடங்கிய நாளில் மட்டும் தம்பி வீடெக் அவளைத் தேடி இந்தத் தெருமுனைக்கு வருகிறான். அவனுடைய நண்பர்கள் கொடிகளோடு எதிர்ப்பக்கம் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் அவன் கையை நீட்டியதில்லை. அவள் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

நகரத்தின் அபாயச் சங்கு ஒலித்தது. டிராம்கள் நின்றன. சைக்கிளில் போன ஒரு பெண் காலை ஊன்றி அப்படியே நின்றாள். அந்த எழுச்சியில் இறந்தவர்களுக்காக நகரமே அசையாமல் நிற்கும் ஒரு நிமிடம். வீடெக்கும் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். வயது ஏற ஏற அவன் முகம் அப்பாவின் முகமாகிக்கொண்டிருந்தது. யாரும் பேசக்கூடாத அந்த நிமிடத்தில் கிராஷினா அவன் காதருகே சாய்ந்தாள்.

"அப்பாவோட சிரிப்புச் சத்தம் எனக்கு மறந்தே போச்சுடா. உனக்கு அதே சிரிப்பு. ஒரே ஒரு தடவை சிரியேன்."