பெருநாள் பன்

"முதல்ல எனக்குக் காட்டணும். நான் பிச்சுப் பார்த்துப் போதும்னு சொன்னாத்தான் உன் மாமா தட்டுக்குப் போகணும்."

மாமியார் நசீபா அடுப்படி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். முஹ்சினா தலையாட்டினாள். ஓவனுக்குள் பதினாறு உருண்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தைகளின் முதுகுபோல மெல்ல உப்பிக்கொண்டிருந்தன. அவளுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பதினெட்டு நாளாக இதே பயம்தான்.

கல்யாணமாகி வந்த முதல் நோன்பு. புதுப்பெண் கையால் சமைத்து, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்களை நோன்பு திறக்கக் கூப்பிடுவது கொச்சங்காடியில் இந்தக் குடும்பத்து வழக்கம். மத்தியானத்திலிருந்து மாமியாரும் மருமகளும் மாறி மாறி அடுப்பருகே நின்றார்கள். முப்பது பேர் வந்தார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், தொழுகை எல்லாம் முடிந்து விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வயதில் மூத்தவர் மாமனார் அமீருதீன். அவர் முதல் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் பரிமாறிக்கொள்வார்கள்.

அரிசிமாவுப் பத்திரியைக் கோழிக்கறியில் தோய்த்து வாயில் வைத்தார். அடுத்த நொடி கண்கள் பிதுங்கின. கழுத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தார். கை பட்டுக் கறிச்சட்டி அப்படியே கவிழ்ந்தது. தொண்டையில் சிக்கிவிட்டது என்று யாரோ கத்த, மகன் ஷாஹிர் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தான். விருந்தாளிகள் முக்குக்கடைப் பொரோட்டாவைத் தின்றுவிட்டு, முஹ்சினாவின் முகத்தைப் பார்க்காமல் விடைபெற்றார்கள்.

ஆஸ்பத்திரியில் எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். ஆனாலும் வயதாகிறது, கொஞ்ச நாளைக்கு மெத்தென்று இருப்பதாகக் கொடுங்கள் என்றார். நசீபா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு நோன்பு திறக்கவும் கஞ்சி, விடியுமுன் சகருக்கும் கஞ்சி. அன்றைக்குப் பத்திரி தடித்துவிட்டதா, வேகாமல் போனதா என்று முஹ்சினாவுக்கு விளங்கவே இல்லை. மாமனார் லேசாக இருமினால்கூட அவள் கையில் இருக்கும் பாத்திரம் நழுவியது.

நேற்றுப் பிறை தெரிந்த செய்தி வந்ததும் அமீருதீன் வாய் திறந்தார். பெருநாளன்றும் கஞ்சி என்றால் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். கடைசியில், வீட்டிலேயே செய்த மெத்தென்ற பன் என்றால் சரி என்று நசீபா இறங்கி வந்தாள்.

"முஹ்சினா பண்ணட்டும்" என்றார் அவர்.

காலையில் ஆண்கள் பெருநாள் தொழுகைக்குப் போயிருந்தபோது மாவு பிசைந்தாள். முதல் தட்டு தீய்ந்து இறுகிப்போனது. நகத்தால் தட்டினால் டொக்கென்றது. தொழுதுவிட்டு வந்த ஷாஹிர் அதில் ஒன்றை எடுத்துக் கடித்து, நன்றாகத்தானே இருக்கிறது என்றான்.

"உங்க பல்லுக்கு நல்லாத்தான் இருக்கும்."

"அத்தா கப்பைக் கிழங்கும் எறச்சியும் தின்னு வளர்ந்த ஆளு. ஒரு பன்னுக்கா செத்துப்போவார்?"

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க" என்று அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். இன்னொரு தடவை தன் கைச் சோறு அவர் தொண்டையில் நின்றால், இந்த வீட்டில் மறுபடி அடுப்பு மூட்ட அவளால் முடியாது.

மறுபடி பிசைந்தாள். இளஞ்சூட்டுப் பாலில் ஈஸ்ட் நுரைத்ததா என்று மூன்று முறை பார்த்தாள். உள்ளங்கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடினாள். உருண்டைகளைப் பக்கம் காயாதபடி நெருக்கி வைத்தாள். இதோ வெந்துவிட்டன. சூட்டோடு வெண்ணெய் தடவி, ஆவியிலேயே மேல்தோல் இளகட்டும் என்று துணியால் மூடினாள்.

நசீபா வந்து ஒன்றைப் பிய்த்தாள். இரு விரலால் அழுத்தினாள். அது மறுபடி எழும்பியது. பல் படாமல் நாக்கால் நசுக்கிப் பார்த்தாள்.

"போதும். சின்னச் சின்னதாப் பிச்சுக் குடு. தண்ணியோட பக்கத்துலேயே நில்லு. ஆட்டோக்கார ஷிஹாபை வாசல்லயே இருக்கச் சொல்லிட்டேன்."

முஹ்சினா தம்ளரில் தண்ணீர் நிரப்பினாள்.

விரிப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணியை யாரும் தொடவில்லை. அமீருதீன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். முஹ்சினா அவர் குரல்வளையையே பார்த்தாள். அது ஏறியது. ஏறிய இடத்தில் நின்றது. அவர் கண்கள் கலங்கின. அவள் அவசரமாகத் தம்ளரை நீட்ட, தண்ணீர் அவர் புதுச்சட்டையில் சிந்தியது. ஷாஹிர் எழுந்துவிட்டான்.

அமீருதீன் கையமர்த்தினார். குரல்வளை இறங்கியது. அடுத்த துண்டைத் தானே எடுத்தார். பிறகு ஒரு முழுப் பன். பிறகு, பிரியாணிச் சட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

பெருமூச்சுவிட்ட நசீபா, ஷிஹாபைச் சாப்பிடக் கூப்பிட வாசலுக்குப் போனாள். தட்டுகள் நகர்ந்தன, பேச்சு எழுந்தது. முஹ்சினா மட்டும் தம்ளரோடு நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள்.

அமீருதீன் அவளைக் குனியச் சொன்னார். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் காதோடு சொன்னார்.

"பேடிக்காதே மோளே, பயப்படாதே. அன்னைக்குத் தொண்டையில ஒண்ணும் சிக்கல. நோன்பு வாயோட யாரும் ருசி பார்க்கலபோல, கறியில நீயும் உப்புப் போட்டிருக்க, உன் மாமியும் போட்டிருக்கா. முப்பது பேர் அதுல கைவெக்கறதுக்குள்ள எனக்கு வேற வழி தெரியல."