கூப்பிட்டால்தான் எழுந்திருக்கும்

“எரர் எதுவுமே வரலை சார். அதுதான் பயமா இருக்கு,” என்றாள் கலைமகள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு.

தஞ்சாவூரில் நான்கே பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் ஆபீஸ் அது. பாபநாசம் பக்கத்து விவசாயிகள் அறுநூறு பேருக்கு மழை எச்சரிக்கை அனுப்பும் புது மாட்யூலை, அன்று காலைதான் பழைய ஜாவா சாஃப்ட்வேரோடு சேர்த்திருந்தாள். அறுத்த சம்பா நெல் ரோட்டிலும் களத்திலும் காய்கிறது. கிழக்கே மேகம் திரண்டு வருகிறது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் பாபநாசத்தில் கொட்டும் என்கிறது ரேடார். மாட்யூலோ கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் இருக்கிறது.

அந்தப் பழைய சாஃப்ட்வேரை எழுதிய ஜெக்கரியா இரண்டு வருடம் முன்பே வேலையை விட்டுவிட்டுத் துபாய் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அவரைத்தான் வாட்ஸப்பில் பிடித்திருந்தாள்.

“பதறாதீங்க. மாட்யூலுக்குள்ள சர்வீசஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கா? அதுல உங்க சர்வீஸ் பேரை எழுதினீங்களா?”

“ஐயோ, இல்லை. இருங்க... எழுதிட்டேன்.”

“ரீஸ்டார்ட் பண்ணுங்க.”

பண்ணினாள். லிஸ்ட்டில் பெயர் வந்தது. மெசேஜ் மட்டும் போகவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இப்ப அது புது மாப்பிள்ளை மாதிரி. வீட்டுக்குள்ள வந்து உக்காந்தாச்சு. சாப்பிட வாங்கன்னு யாராவது கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாரு. ஸ்டார்ட் ஆகும்போதே எழுப்பிவிடுன்னு நாமதான் சொல்லி வைக்கணும். மெயின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, வரி வரியா படிங்க.”

எண்பது வரி படித்தாள். மனிதர் ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. இப்படியும் ஒரு பொறுமையா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. துபாயில் ஏசியில் உட்கார்ந்திருப்பவரின் நிதானத்துக்கு என்ன குறைச்சல் என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

“அங்கதான். அதுக்குக் கீழ உங்க சர்வீஸ் பேரு, பக்கத்துல ஆட்டோ ஸ்டார்ட் ட்ரூ. போட்டுட்டு ஓட விடுங்க.”

ஓட விட்டாள். திரையில் எண்கள் மளமளவென்று ஏறின. பத்து, நூறு, அறுநூறு.

“போயிடுச்சு சார், எல்லாருக்கும் போயிடுச்சு.”

“நல்லதும்மா. வைக்கறேன்.” நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்குப் பாபநாசத்திலிருந்து துரைராசு என்கிற விவசாயி பேசினார். “மெசேஜ் பாத்துட்டு எல்லாரும் மூடிட்டோம்மா. இப்பதான் மழை பிடிக்குது. ஒரு மணி நெல்லுகூட நனையலை. நீங்க நல்லா இருக்கணும்.”

அந்த வாழ்த்து யாருக்குச் சேர வேண்டியது என்று கலைமகளுக்குத் தெரியும். ஜெக்கரியாவை மறுபடி கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தார்.

“அவங்க களத்துல இருக்காங்கம்மா. நான் அவங்க சம்சாரம், சைத்தூன் பீவி.”

“களத்துலயா? சார் துபாய்லதானே இருக்காங்க?”

“அதை விட்டு வந்து ஆறு மாசம் ஆச்சும்மா. கூத்தாநல்லூர்ல விவசாயம்தான் பாக்கறாங்க. நீங்க கூப்பிட்டப்பவே இங்க கிழக்குப் பக்கம் தூறல் போட்டுடுச்சு. கையில எடுத்த தார்ப்பாயைக் கீழ வெச்சுட்டுத்தான் உங்ககிட்ட உக்காந்து பேசினாங்க. நான் ஒருத்தியா எவ்வளவு மூட முடியும்? நனைஞ்ச நெல்லைத்தான் இப்ப அள்ளிக்கிட்டு இருக்காங்க.”