மூன்று குருவித் தோரணம்

"சவுந்தரராசப் பெருமாள் அறிய, நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யில்ல. பொய்யின்னா இந்த ஏணியடியிலயே என் உசுரு போகட்டும்" என்று பொன்னழகு வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்.

எதிரே கஞ்சித் தம்ளரோடு நின்ற சிவனம்மாளுக்கு அந்தக் கையை ஒடிக்க வேண்டும் போலிருந்தது.

தாடிக்கொம்பில் கல்யாணமோ சாவோ, நாற்பது வருஷமாகத் தோரணம் கட்டுவது பொன்னழகுதான். இன்றும் வாசல் பந்தலில் வாழைத்தார், இளநீர்க் குலை, நுங்குக் குலை எல்லாம் கண் நிறையத் தொங்கின. தென்னங்குருத்தில் முடைந்த தோரணத்தில் கல்யாணம் என்றால் நாலு குருவி, சாவு என்றால் மூன்று. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள்ளே, அவளுடைய அப்பா படுத்திருக்கும் பின்கட்டு அறையின் நிலையில் தொங்கியதில் மூன்றுதான் இருந்தன.

எண்பத்தாறு வயது மனிதரை மண்டபத்துக்குத் தூக்கிப்போக முடியாது என்றுதான் பேத்தியின் கல்யாணத்தையே வீட்டில் வைத்திருந்தார்கள். தையில் நடக்க வேண்டியது, மாப்பிள்ளையின் பெரியப்பா செத்து வைகாசிக்குத் தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தடை வந்தால் ராசி கெட்ட பெண் என்று சொல்லி வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அவர்களுடைய வேன் திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

"அவுத்து எறிய்யா அத."

அவிழ்க்கக் கூடாதாம். மறதியாகக் கட்டியது தப்புதானாம். ஆனால் நெய்க்காரப்பட்டியில் இப்படித்தான், தாலி ஏறுமுன் ஒருவன் அவிழ்த்தானாம். ஓலை தரையில் விழுவதற்குள் அவன் விழுந்துவிட்டானாம். அதன் கீழே நுழைந்து போன சமையல்காரன் மூன்றாம் நாள். ஓலையை மேய்ந்த ஆடு எட்டாம் நாள். அந்த ஆட்டைக் குழம்பு வைத்த வீட்டில் கணக்கே கிடையாதாம். "ஏழு பாடைக்கு நானே பூக் கட்டுனேன், தாயி" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல்.

பின்னால் கூடியிருந்த பெண்கள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

"அப்ப எங்கப்பாவுக்குக் கஞ்சி யாரு குடுப்பா? பொண்ணு தாத்தா கையால துன்னூறு வாங்க வேணாமா?"

"செத்த நேரந்தான். தாலி ஏறட்டும்."

சத்தம் கேட்டுப் பெண்ணின் தகப்பன், சிவனம்மாளின் அண்ணன் முத்துச்சாமி வந்தான். நிலையை அண்ணாந்து பார்த்தான். பொன்னழகைக் கன்னத்தில் அறைந்தான். பொன்னழகு கன்னத்தைத் தடவிக்கொண்டாரே ஒழிய, கதவை விட்டு நகரவில்லை. இனி எந்த நல்ல காரியத்துக்கும் இந்த ஆளை ஊரில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதில் சிவனம்மாளுக்குக் கொஞ்சம் திருப்தி.

அப்பாவுக்கு விடியக்காலையிலேயே பால் கொடுத்தாகிவிட்டது, அசந்து தூங்குகிறார், பெண்ணுக்கு அத்தை நீயே இன்றைக்குக் கண்ணைக் கசக்கலாமா என்று சொல்லி அண்ணன் அவளை வாசலுக்கு இழுத்துப்போனான். அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கோபம் என்று நினைத்தாள்.

பத்தேகாலுக்குத் தாலி ஏறியது. கெட்டிமேளம் அடங்கியதும் சிவனம்மாள் கஞ்சியைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். பொன்னழகு கதவை மறித்தபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பட்டுவேட்டியோடு வெறுந்தரையில், அண்ணன்.

"அதான் தாலி ஏறிருச்சுல்ல. அவுக்கச் சொல்லுண்ணே."

முத்துச்சாமி பொன்னழகின் கையைப் பிடித்துக்கொண்டான். "மாப்பிள்ளை வேன் கெளம்புனதும் வாசலுக்கும் மூணு குருவியே கட்டிருங்கண்ணே" என்றான். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினான். "பூட்டுப் போட்டிருந்தா நீ சாவி கேட்டிருப்ப, தாயி."

அப்பாவின் உயிர் விடியக்காலை நாலு மணிக்கே பிரிந்திருந்தது. பொன்னழகு இன்றுவரை நெய்க்காரப்பட்டிக்குப் போனதே இல்லை.