மேசைமேல் கிடந்த வால்வு

தலைச்சோலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அஃப்சானாவின் பழைய டீசல் கார், ஒரு வாரமாகக் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு மேடு ஏற மறுத்தது. ஏற்காட்டில் மாதேஷின் பட்டறைக்குக் கொண்டுவந்தாள்.

“ஏனுங்கண்ணா, வண்டி போச்சுன்னா சரக்கெடுக்க வழியில்லீங்க. கடைய மூட வேண்டியதுதான்.”

மாதேஷ் ஒவ்வொன்றாய்ப் பார்த்து, கடைசியில் ஒரு வால்வைக் கழற்றினான். கரி அப்பிக் கல்லாய் இறுகியிருந்தது. நெம்பியும் அசையவில்லை.

“புகையில கொஞ்சத்த எஞ்சினுக்கே திருப்பி விடறது இதுதானுங்க அம்மணி. மேடேறயில மூடிக்கோணும், இது தொறந்தாப்லயே மாட்டிக்கிச்சு. வேற போட்டாச் செரியாப் போயிருமுங்க.”

மறுநாள் சாயங்காலம் புது வால்வை மாட்டினான். கார் முனகாமல் கிளம்பியது. “நொம்ப நல்லாருக்குதுங்கண்ணா!” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மாதேஷுக்கும் மனசு நிறைந்திருந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீரில் கை கழுவிவிட்டுத் திரும்பினான். மேசைமேல் கிடந்த பழைய வால்வு மெல்லத் திறந்தது.

தூரத்தில் அவள் கார் மேடேறும் சத்தம் கேட்டது, வால்வு மூடிக்கொண்டது. சமதளம் வந்து சத்தம் தணிந்ததும் மறுபடி திறந்தது. அருகே கையைக் கொண்டுபோனான். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

கார் சத்தம் காதுக்கு எட்டாமல் போன பிறகும் வால்வு திறந்து திறந்து மூடியது. மாதேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். விறைத்த விரல்களை அதன் முன்னால் விரித்து, அவள் தலைச்சோலை போய்ச் சேரும்வரை குளிர்காய்ந்தான்.