இருவருக்கும் ஒரே பட்டை

சிங்கப்பூரின் புக்கிட் மேரா பஸ் நிறுத்தத்தில் அந்தி வெயில் சாய்ந்து கிடக்கிறது. காவல் வேலை முடித்து வந்த சூசைநாதன் பேன்ட்டைச் சுருட்டி, முழங்கால் பட்டையை உருவி, மனைவி ஜெனிவீவிடம் நீட்டுகிறார். கட்டுப்படியாகாமல் இன்சூரன்ஸை நிறுத்தியதிலிருந்து இருவர் மூட்டுவலிக்கும் இந்த ஒரு பட்டைதான் வைத்தியம். இனி அவள் புடவைக் கடையில் கால்கடுக்க நிற்கவேண்டிய நேரம். "இன்னைக்கு நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வலியே இல்ல" என்கிறாள். "சும்மா சொல்லாத லா. சூடு ஆறுறதுக்குள்ள போட்டுக்க." பெஞ்சில் உட்கார்ந்து மாட்டிக்கொள்கிறாள். அவர் உடம்புச் சூடு அவள் முழங்காலை இதமாகப் பற்றிக்கொள்கிறது. கடை இருக்கும் தேக்காவுக்குப் போகும் பஸ் வருகிறது; ஏறி ஜன்னலோரம் அமர்கிறாள். வெளியே அவர் நிமிர்ந்து நின்று கையசைக்கிறார். பஸ் நகர்ந்ததும் ஜெனிவீவ் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் நொண்டாமல் நடக்கப் பார்ப்பார்.