பின்கதவைச் சாத்திய குரங்கு

வணக்கம். எல்லாரும் சௌக்கியமா? காய்ச்சல், கைகால் குடைச்சல் ஒன்றும் இல்லையே? இருந்தால் டாக்டர் நிர்மலனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூண்டோடு வந்துவிடுவார்.

"இன்னைக்கும் பழத்தக் காணோம்!"

தீவின் நடுவே, ஆலமரத்தடியில், காலிக் கூண்டின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார் டாக்டர். முன்கதவு மிருகத்துக்காகத் திறந்தபடியே காத்திருந்தது. இரைப் பழம் வைக்கும் பின்பக்கத்துச் சின்னக் கதவு மட்டும் கொக்கி மாட்டி ஒழுங்காகச் சாத்தியிருந்தது.

"பின்கதவத் திறந்து, பழத்த எடுத்து, திரும்பக் கொக்கியும் போட்டிருக்கு. இது சாதாரணக் குரங்கில்ல, தேவிஸ்ரீ."

"நல்லா வளர்த்த குரங்கு சார். எங்க வீட்டுல என் தம்பி ஃபிரிட்ஜு கதவக்கூட மூட மாட்டான்."

"சுத்தி ஒரு சருகு இருக்கா பாருங்க. கால் தடத்த வேற அழிச்சிருக்கு!"

"புது இனமா இருந்தா உங்க பேரையே வச்சிடலாம் சார்."

கிண்டல் என்பது தெரியாமல் டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்.

மலாக்காவுக்கு எதிரே கடலில் கிடக்கும் அந்தக் குட்டித் தீவில் இருப்பது ஒரே ஒரு விடுதி. அங்கே வேலை பார்த்த மூன்று பேருக்கு ஒரே மாதிரிக் காய்ச்சல் கண்டு, கரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு மிருகத்திடமிருந்துதான் தொற்றியிருக்கிறது என்றது மேலிடம். அது எந்த மிருகம் என்று பிடித்து, ரத்தம் எடுத்துச் சொல்ல வந்தவர்தான் நிர்மலன். கூட வந்த லேப் ஆள் தேவிஸ்ரீ.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் விடுதிக்குப் பூட்டு. பூட்டு விழுந்தால் முதலில் தெருவுக்கு வருவது சமையல்கார முத்தாயி. கரையில், நியாலாஸ் பக்கத்துத் தோட்ட வீட்டில் அவள் சம்பளம் போனால்தான் உலை கொதிக்கும்.

வேலை தொடங்கிய லட்சணமே தனி. மாட்டும் மிருகம் மிரளாமலிருக்கக் கூண்டின்மேல் போர்த்தும் சாக்கைக் கரையிலேயே மறந்துவிட்டு வந்தார்கள். தேவிஸ்ரீ தன் பையிலிருந்த சிவப்புச் சால்வையை எடுத்துப் போர்த்தினாள். காமெரா கேட்டதற்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதுவரை காய்ச்சல் பொறுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

"கூண்டு இங்க இருக்குன்னு முத்தாயிக்காகிட்ட சொல்லிடலாமா சார்?"

"எதுக்கு? இது ஆராய்ச்சி. அவங்களுக்கு என்ன விளங்கப்போகுது?"

விடுதிக்குத் திரும்பியதும் முத்தாயி கிண்ணத்தோடு வந்து நின்றாள். வாழைப்பழத்தை மசித்து, குலா மலாக்கா வெல்லத்தைத் தாராளமாய்ப் போட்டு, கருகருவென்று பஞ்சாமிர்தம்.

"சாப்புடுங்க டாக்டரய்யா. மிருகம் மாட்டுச்சா?"

"மாட்டும், மாட்டும். நீங்க கையக் கழுவினீங்களா? காட்டுல கெடக்கிறது, மிருகம் வாய் வச்சது, கண்டதையும் தின்னக்கூடாது. நோய் அப்பிடித்தான் பரவும். விளங்குதா?"

"விளங்குதுங்கய்யா."

டாக்டர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். தேவிஸ்ரீக்கு இனிப்பு ஆகாது. அவளுக்குச் சீனி போடாத டீ.

வியாழன் சாயங்காலம் டாக்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஊசியால் வாழைப்பழங்களுக்குள் ஊதாச் சாயம் ஏற்றினார்.

"உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா தின்ன மிருகத்தோட நாக்கு ரெண்டு நாளைக்கு ஊதாவாத்தான் இருக்கும். நாக்கப் பாத்தே ஆளப் புடிச்சிடலாம்லா!"

"நாக்க நீட்டுன்னா குரங்கு நீட்டுமா சார்?"

"நீட்ட வைக்கிறது என் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை காலை பழம் போயிருந்தது. கொக்கி மாட்டியிருந்தது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ரெண்டு கிண்ணம் பஞ்சாமிர்தம் உள்ளே போனது. மூன்றாவதில் ஸ்பூனை விட்டுக்கொண்டே மேலிடத்துக்குப் போன் போட்டார்.

"சார், மிருகம் சாயத்தத் தின்னிருச்சு! இன்னைக்கு எப்பிடியும் புடிச்சிடுவேன். ஓம் ஓம், விடுதிய மூட வேணாம்!"

எதிரே உட்கார்ந்திருந்த தேவிஸ்ரீ, பேசுகிற அவர் வாயையே உற்றுப் பார்த்தாள். டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தாள்.

"முத்தாயிக்கா, நாங்க வந்ததுக்கு அப்புறம் படகே வரல. உங்களுக்கு வாழப்பழம் ஏது?"

"நம்ம முனியாண்டி கோயில்லதாம்மா! ஆலமரத்தடியில, செவப்புத் துணி சாத்தி, கம்பிக் கதவெல்லாம் போட்டு… எந்தப் புண்ணியவானோ தெனமும் பழம் படைச்சிட்டுப் போறாரு. நான் வெள்ளனவே போயி, கூட்டிப் பெருக்கி, கும்புட்டுட்டு, எடுத்தாந்து ஐயாவுக்குப் பிரசாதம் பண்ணித் தர்றேன். அந்த மிருகம் சீக்கிரம் மாட்டணும், நம்ம எடத்த மூடக்கூடாதுன்னு வேண்டுதல்லா."

முத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னைக்குப் பழத்த உரிச்சா உள்ளுக்குள்ள ஊதா! சாமி உத்தரவு குடுத்துட்டாரு, பாத்துக்கிட்டே இருங்க."

டாக்டரின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. தேவிஸ்ரீ கையுறையை மாட்டிக்கொண்டு, ரத்தம் எடுக்கும் ஊசியின் உறையைப் பிரித்தாள்.

"வேண்டுதல் பலிச்சிருச்சுக்கா. சார், நாக்க நீட்டுங்க."