தொடையில் எழுதியிருந்த தேதி

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் முனிரத்தினத்துக்குச் சர்க்கரை வியாதி. கோவளத்தில் கிளிஞ்சல் கிழித்த காலில் சீழ் வைத்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று நர்ஸ் எஸ்தர் தினமும் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள்.

பதினான்காம் தேதி சிவப்பு முழங்காலைக்கூட எட்டவில்லை. ஆனால் தொடையில் ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் 19.

“நான் போடலம்மா,” என்றாள் எஸ்தர்.

மனைவி தனகோட்டி ஸ்பிரிட் வைத்துத் தேய்த்தாள். போகவில்லை. ஊசி போட்டும் சிவப்பு நிற்கவில்லை.

பதினெட்டாம் தேதி அது கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. தனகோட்டி வெளியே போய் மைசூர்பாகு வாங்கி வந்தாள். பதினோரு வருடமாக அவர் இனிப்பைத் தொட்டதில்லை.

“இன்னா தனம், சக்கர ஏறிடாது?”

“பரவால்ல. நீ துன்னு.”

அவர் இரண்டு துண்டு தின்றார். மூன்றாவதை, நாளைக்கு ஆகும் என்று காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுத்தார்.